பூசணிக்காயிடம் தோற்ற படைத்தலைவர்

ட்ரெய்லர் நானாவிடம் காரணம் இல்லாத விஷயம் ஒன்றை மாத்தளைக்குள் தேடிப் பிடிப்பது கஷ்டம். பஸ் பிந்தினால் அதற்குக் காரணம் சொல்வார். நேரத்துக்கு வந்துவிட்டால் இன்னும் நீளமான காரணம் சொல்வார். எங்கள் கடை மின்விசிறி ஏன் தலையைச் சாய்த்துக்கொண்டு சுற்றுகிறது என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவர் சொன்ன விளக்கத்தில் ஒரு கல்யாணம், ஒரு காணி வழக்கு, ஒரு கப்பல் எல்லாம் வந்துபோயின. மின்விசிறி மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லை.

அவருக்கும் வீட்டார் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சவூதியில் பதினான்கு வருஷம் ட்ரெய்லர் ஓட்டியதாக வந்த முதல் நாளே அவர் சொல்லிவிட்டதால், எங்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை; முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் 'நானா'வை மட்டும் பின்னால் ஒட்டிக்கொண்டோம்.

எங்கள் கடை என்றேன். பலகையில் இருந்தது வேறு. கண்டியில் ஆறு மாத டிப்ளோமா முடித்த கையோடு, மாத்தளை டவுனில் ஒரு மாடி அறையை எடுத்துக் கம்பியூட்டர் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியிருந்தேன். டை கட்டிய என் படமும், அதன் கீழே 'பணிப்பாளர்' என்ற சொல்லும் பலகையில் பாதியை அடைத்திருந்தன. இரத்தோட்டைப் பக்கம் தோட்டத்தில் என் அம்மா லயம் லயமாக, வீடு வீடாகப் போய், மகன் டவுனில் கம்பியூட்டர் எஞ்சினியர் என்று சொல்லி முடித்திருந்தார். முதல் மாதம் வந்து சேர்ந்தது ஒரே ஒரு மாணவர். அவர் மின்விசிறிக்காகத்தான் வந்தார் என்பது மழை தொடங்கியதும் தெரிந்தது. என் கூட்டாளி நிஸ்தார் விவரமானவன். கம்பியூட்டர்களைத் துணி போட்டு மூடிவிட்டு, டீவியில் பூட்டி விளையாடும் கேம் பெட்டிகள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தான். அன்றிலிருந்து பணிப்பாளரின் வேலை, நேரம் முடிந்த பையன்களைப் பார்த்து "எழும்பு, எழும்பு" என்று கத்துவது.

கீழ்த்தளத்தில் கார் பழக்கும் லேனர்ஸ். நானா அங்கே முறை வரும்வரை காத்திருக்கத்தான் மேலே வந்தார். நாற்பதைத் தொடப்போகிற மனிதர். கீழே பழக்குகிற ரோஷானுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். ரோஷான் இவரை "அங்கிள்" என்பான். இவர் அவனை "சேர்" என்பார். பாலைவனத்தில் ட்ரெய்லர் ஓட்டியவர், 'எல்' போட் மாட்டிய ஒரு குட்டிக் காருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நாங்கள் மாடி யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரிப்போம். அங்கே ஓட்டிய லைசன்ஸ் அங்கேயே போயிற்று. இங்கே அவர் லைசன்ஸ் எடுத்ததே இல்லை. ஊரில் இளந்தாரிகள் வெளியே போனால் திரும்பி வருவார்களா என்று தெரியாத காலம் ஒன்று இருந்தது. அப்போதுதான் அவருடைய வாப்பா அவரைப் பிளேனில் ஏற்றிவிட்டார். அந்தக் கதையை மட்டும் அவர் இரண்டு வரியில் முடித்துக்கொள்வார்.

மேலே அவருக்குப் பிடித்துப்போனது ஒரே ஒரு கேம். படைத்தலைவர் கேம் என்போம். எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. கதை என்னவென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். தொடக்கத்தில் ஒரு படம் ஓடும். நரைத்த தாடியும் நெற்றியில் தழும்புமாக ஒரு படைத்தலைவர் தனியாளாக நின்று ஒரு சேனையையே வெட்டிச் சாய்ப்பார். ராஜாவே எழும்பி நின்று மாலை போடுவார். படம் முடிந்து விளையாட்டுத் தொடங்கியதும், அதே தாடி, அதே தழும்பு, ஆனால் கையில் ஒரு தடி. தலைக்கு மேலே லெவல் ஒன்று. காட்டுக்குள் நாலடி வைத்ததும் பூசணிக்காய் மாதிரி ஒரு ஜந்து துள்ளி வந்து இரண்டு முட்டு முட்டும். சேனையை வெட்டிய மனிதர் மல்லாக்க விழுந்து செத்துப்போவார்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. ஆடியதைச் சேமித்து வைக்கிற மெமரி கார்டு எங்களிடம் இல்லை. வாங்கலாம், வாங்கலாம் என்று பணிப்பாளர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே நேற்றுப் பத்தாம் லெவல் வரைக்கும் வளர்த்துவிட்ட படைத்தலைவர் இன்று மறுபடியும் தடியோடு வந்து நிற்பார். ஒவ்வொரு நாளும் யாராவது ஒரு பையன் கேட்பான்.

"நானா, இவ்வளவு பெரிய ஆளு, ஏன் நானா லெவல் ஒண்ணுல நிக்கிறாரு?"

அவ்வளவு போதும். நானா நீளமான மர வாங்கின் இடதுபக்க ஓரத்தில் போய் உட்கார்வார். எங்கே உட்கார்ந்தாலும் இடது ஓரம்தான். அந்த நாட்டில் ஸ்டியரிங் அந்தப் பக்கம்.

"மனிசன் மூணு மாசம் காய்ச்சல்ல கெடந்து இப்பதான் எழும்பீக்கிறார் வாப்பா. வாளத் தூக்க ஏலுமா? தடியையே ரெண்டு கையால புடிச்சீக்கிறார், பாருங்க. கொஞ்ச நாளைக்கு சூப்புக் குடிக்கணும்."

அடுத்த நாள் அதே படைத்தலைவர் கல்யாணம் முடித்திருப்பார். பெண் வீட்டார் அவரைப் புடவைக் கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். பத்து வருஷம் துணி அளந்து அளந்து தோள் இறங்கிப்போயிற்று. அதற்கடுத்த நாள்:

"இவர் வேற நாட்டுக்கு வேலைக்கு வந்தீக்கிறார். அங்க இவருக்கு ஒரு கபீல், விசா எடுத்துக் குடுத்த மொதலாளி. வந்த அண்டைக்கே அவன் வாளையும் பாஸ்போட்டையும் வாங்கி அலுமாரியில பூட்டிட்டான். தடியால வேல செய்யச் செல்லுறான். என்ன செய்யிற?"

பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அவர் கதை சொல்லி முடிக்கும்வரை பூசணிக்காயும் டீவியில் காத்துக்கொண்டு நிற்கும். விளையாடும் நேரம் அப்படியே போய்விடும் என்பதால் நிஸ்தாருக்கு நானாமேல் தனி மரியாதை. இலவசமாகப் பிளேன்டீ கொடுப்பான்.

அது சண்டை நிறுத்தம் வந்து ஏ-ஒன்பது பாதை திறந்திருந்த காலம். எங்கள் கடை வாசலால் போகிற ரோட்டிலேயே நேராகப் போனால் யாழ்ப்பாணம் வரும் என்பதை நாங்கள் பள்ளிப் புத்தகத்தில் படித்ததோடு சரி. இப்போது லொறிகள் நிஜமாகவே போய் வந்தன. காய்ந்த செத்தல் மிளகாய், மிளகு வியாபாரம் செய்கிற ஹாஜியார் ஒருவர் சின்ன லொறி ஒன்று வாங்கியிருந்தார். இங்கிருந்து சரக்கு கொண்டுபோய், அங்கிருந்து வெங்காயம் ஏற்றி வர நம்பிக்கையான டிரைவர் வேண்டும். லைசன்ஸை எடுத்துக்கொண்டு வந்தால் லொறி உங்களுக்குத்தான் என்று நானாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த லொறி நானாவுக்கு வெறும் வேலை இல்லை. அவருடைய மகள் பிறந்தது அவர் சவூதியில் இருந்தபோது. ஐந்து வயதுப் பிள்ளை, இவர் வந்து இறங்கியபோது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "உம்மா, அந்த மாமா எப்ப போவாரு?" என்று கேட்டதாம். மூன்று மாதத்துக்குப் பிறகுதான் வாப்பா என்ற சொல் வந்தது. அதுவும் முட்டாசி மிட்டாய்க்காக. லொறி கிடைத்தால் வீட்டோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் பாலைவனம். கொழும்பில் ஏஜென்ட் விசாவை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் எடுத்துக்கொண்டிருந்தான்.

இந்த நிலையில் நானா முதல் டெஸ்டுக்குப் போனார். கொலரைத் தூக்கிவிட்டு, முழங்கையை யன்னலில் வைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். வந்தவர் ரோட்டின் வலதுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரிப் போனார். எதிரே தம்புள்ளை பஸ் வந்தது. மூக்கோடு மூக்கு வைத்து இரண்டும் நின்றன. நானா யன்னலால் கையை நீட்டி, பஸ்ஸைப் பார்த்து "ஓரமாப் போ" என்று சைகை காட்டினாராம்.

"ரோட்டுக்கு நடுவுல கோடு அழிஞ்சீக்கிது" என்றார் எங்களிடம். "கோடு இல்லாட்டி மனிசன் எப்படி வாப்பா கண்டுபிடிக்கிற?"

இரண்டாவது டெஸ்டில் பக்கம் சரி. ஆனால் சவூதி வண்டிகளில் திருப்பச் சிக்னல் போடுகிற தண்டு ஸ்டியரிங்குக்கு இடதுபக்கம். இங்கே அது வலதுபக்கம். இடதுபக்கம் இருப்பது வைப்பர். பரீட்சை அதிகாரி இடதுபக்கம் திருப்பச் சொன்னார். நானாவின் இடது கை பதினான்கு வருஷப் பழக்கத்தில் தண்டைத் தட்டியது. வெயில் கொளுத்துகிற பகலில் கண்ணாடியை வைப்பர் இப்படியும் அப்படியுமாகத் துடைக்க, கார் சிக்னல் இல்லாமல் திரும்பியது. வலதுபக்கம் திருப்பச் சொன்னார்கள். வைப்பர் இன்னும் வேகமாக ஓடியது.

"கண்ணாடியில தூசி. தொடச்சிப் போட்டுத் திரும்புவம் எண்டு நெனச்சன்."

இந்த முறை பையன்கள் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டவுனில் கதை ஏற்கனவே பரவியிருந்தது. சலூனில் ஒருவர், அந்தாள் அங்கே ஒட்டகம் மேய்த்தவர் என்று சொன்னாராம். இன்னொருவர் ஒட்டகம்கூட இல்லை, ஆடு என்று திருத்தினாராம். இத்தனை கதை சொல்கிற மனிதருடைய ட்ரெய்லரும் ஒரு கதைதானோ என்று எனக்கே ஒரு புழு நெளிந்தது. நிஸ்தாரின் வாய்க்கு அன்று பூட்டு இருக்கவில்லை.

"நானா, ஒண்ணு கேக்கவா? மொதல்ல படம் ஓடுதே, சேனைய வெட்டுறது. அது உண்மையா நடந்ததா இல்லாம, இந்தத் தாடிக்காரன் ஊருக்குச் செல்லுற கதையா இருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். கொஞ்சம் பிந்திச் சிரித்தார். அன்று அவர் கேம் விளையாடாமல் கீழே இறங்கிப் போனார். நான் நிஸ்தாரை முறைத்தேன். அவனும் என்னை முறைத்தான். "பணிப்பாளர் எண்டு பலகை போட்ட ஆளு மொறைக்கிறத நான் கணக்கெடுக்க மாட்டன்" என்றான். நியாயமான பேச்சு.

இரண்டு நாள் கழித்து நானா வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின்னின் மூடியும், ஒரு பழைய டூத்பிரஷும் இருந்தன.

"டிரெக்டர் தம்பி, அந்த பிளாஸ்டிக் கதிரைய இங்கிட்டு இழுங்க."

கதிரையில் உட்கார்ந்தார். மூடிதான் ஸ்டியரிங். டூத்பிரஷை அவருடைய வலதுபக்கம் கதிரைக் கையில் வைத்துக் கட்டினோம். அதுதான் சிக்னல். பையன்கள் சுற்றி நின்றுகொண்டு "லெஃப்ட்!", "ரைட்!" என்று கத்த வேண்டும். அவர் வலது கையால் டூத்பிரஷைத் தட்ட வேண்டும். இடது கை அசைந்தால் அந்தக் கையில் ஒரு அடி. அடிக்கிற வேலைக்குத்தான் பையன்களிடையே போட்டி. படைத்தலைவரைக் கவனிக்க ஆளில்லை. பூசணிக்காய் டீவிக்குள் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. வார முடிவில் அவர் கதிரையில் இருந்தபடியே, அடி வாங்காமல் டவுனை ஒரு சுற்றுச் சுற்றி வரும் அளவுக்குத் தேறியிருந்தார். மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் நான்தான் எதிரே வருகிற பஸ். வாயால் ஹார்ன் அடித்தபடி அறையின் அந்த மூலையிலிருந்து ஓடி வருவேன். கம்பியூட்டர் எஞ்சினியராக நான் செய்த வேலைகளில் மனதுக்கு நிறைவான வேலை அதுதான்.

அந்த நேரம் பார்த்து, சலூன் கதையைக் கேள்விப்பட்டு, ஆளை நேரில் விசாரிக்க ஹாஜியார் மாடிப்படியேறி வந்தார்.

வெள்ளைத் தொப்பி முதலில் தெரிந்தது, பிறகு தாடி, பிறகு முகம். அவர் பார்த்தது இது: பிளாஸ்டிக் கதிரையில் நானா, கையில் பிஸ்கட் டின் மூடி, பக்கத்தில் கட்டிய டூத்பிரஷ், சுற்றி நாலு பையன்கள், எதிரே பஸ்ஸாக ஓடி வந்து பாதியில் நின்ற நான். நான் ஹார்னை நிறுத்த மறந்துபோனேன்.

ஹாஜியார் கதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"சவூதியிலயும் இதத்தான் ஓட்டினீங்களா?"

நாங்கள் நானாவின் முகத்தைப் பார்த்தோம். காரணம் வரப்போகிறது என்று காத்திருந்தோம். காய்ச்சல், கல்யாணம், கபீல், தூசி, அழிந்த கோடு, இவற்றைவிடப் பெரிய ஒன்று. அவர் மூடியை மடியில் வைத்தார்.

"இல்ல ஹாஜியார். அங்க ஓட்டினது வேற. இங்க நான் இப்பதான் பழகுறன்."

அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஹாஜியாரும் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமைக்கு வேற ஒரு டிரைவர் பொடியன வரச் செல்லீக்கிறன். ஒங்கட டெஸ்ட் எப்ப?"

"வியாழன்."

"அப்ப வியாழன் பின்னேரம் கடைக்கு வாங்க. லைசன்ஸ் பாஸ் எண்டா வாங்க. இல்லாட்டி..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. இறங்கிப் போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க பஸ்ஸா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வியாழக்கிழமை நானும் நிஸ்தாரும் கடையைப் பூட்டிவிட்டு, டெஸ்ட் நடக்கிற இடத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் போய் நின்றோம். நானா கொலரை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கார் இடதுபக்கமாக வெளியே வந்தது. வலது கை போனது, சிக்னல் எரிந்தது. நிஸ்தார் என் தோளில் ஒரு குத்து விட்டான்.

அதோடு மழை பிடித்துக்கொண்டது.

அது எங்கள் பயிற்சித் திட்டத்தில் இல்லாத விஷயம். டூத்பிரஷ் சிக்னலுக்கு மட்டும்தான் இருந்தது. வைப்பருக்கென்று நாங்கள் ஒன்றும் கட்டவில்லை. இடது கையை அசைத்தால் அடி என்று ஒரு வாரமாக அடித்துப் பழக்கியிருந்தோம். கண்ணாடியில் தண்ணீர் வழிய வழிய, காரின் வேகம் குறைந்தது. ரோட்டோரமாக ஒதுங்கியது. நின்றேவிட்டது.

"முடிஞ்சுது" என்றான் நிஸ்தார்.

உள்ளே நடந்ததைப் பின் இருக்கையில் இருந்த ரோஷான் பிறகு சொன்னான். நானா காரை ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் இழுத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துவிட்டு, அவற்றை மாறி மாறிப் பார்த்தாராம். பிறகு இடது கையை மெதுவாக எடுத்து, சரியான தண்டைத் தேடிப் பிடித்து, வைப்பரைப் போட்டாராம். அதிகாரி சிங்களத்தில், ஏன் நிறுத்தினாய் என்று கேட்டிருக்கிறார். மனிதர் இப்போது கப்பலில் தொடங்கிக் காணி வழக்கில் போய் நிற்பார் என்று ரோஷானுக்கும் தெரியும்.

"மம அலுத், சேர்" என்றாராம் நானா. நான் புதுசு, சேர்.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வயது, நரை எட்டிப்பார்க்கிற தாடி. "புதுசாகப் பழகுகிறவர்கள் தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். எவனும் நிறுத்துவதில்லை" என்று முணுமுணுத்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

மழைக்குள் நானா எங்களை நோக்கி நடந்து வந்தார். ஓடவில்லை. தேத்தண்ணிக் கடைக்குள் வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, "பாஸ்" என்றார். நிஸ்தார் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒட்டகக் கதையைத் தான் ஒருநாளும் நம்பவில்லை என்று கூசாமல் பொய் சொன்னான். நானா அவனுடைய கன்னத்தில் தட்டிவிட்டு, ஹாஜியார் கடைக்கு நடந்தார்.

நாங்கள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். விஷயம் தெரிந்து பையன்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஐந்து மணிக்குக் கீழே ஹார்ன் சத்தம் கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தோம். புத்தம் புதுச் சின்ன லொறி. உள்ளே வலதுபக்கம் நானா. இடதுபக்கம் ஹாஜியார், மடியில் தஸ்பீஹ் மணிமாலை, முகத்தில் கலக்கம். பின்னால் ஆறு மூட்டைச் செத்தல் மிளகாய்.

"யாழ்ப்பாணமா நானா?" என்று பையன்கள் கத்தினார்கள்.

ஹாஜியார்தான் பதில் சொன்னார். "அலுவிகாரைக்கு. போய் எறக்கிட்டு வரட்டும். அதுக்குப் பொறகு பாப்பம்."

அலுவிகாரை என்பது டவுனிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். லொறி முழு வழியும் இரண்டாவது கியரில் போனது. நான் இரண்டு தரம் முந்திப் போய், பிறகு மரியாதைக்காகப் பின்னால் வந்தேன்.

இருட்டுவதற்கு முன் நானா மாடிப்படி ஏறி வந்தார். சட்டையெல்லாம் மிளகாய் நெடி. லொறிச் சாவி கையில். ஹாஜியார் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கொழும்பு ஏஜென்டுக்குப் போன் போட்டு, விசாவை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டாராம். பையன்கள் வாங்கில் இடம் விட்டார்கள். இந்த முறை வலது ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எப்படி நானா போச்சு?"

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். நிஸ்தார் பிளேன்டீயை நீட்டினான். நானா அதை வாங்கி, ஒரு வாய் குடித்து, தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கினார்.

"ஆஸ்பத்திரிச் சந்திய நாங்க தாண்டினப்ப, வாப்பாமாரே, ஒரு நாயி. சாதாரண நாயி இல்ல."

நான் அந்த நாயைப் பார்த்திருந்தேன். சாதாரண நாய்தான். லொறி வருவதற்கு வெகு நேரம் முன்பே ரோட்டைக் கடந்துபோய்ப் படுத்துக்கொண்டது. கேம் பெட்டியை நிறுத்திவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். கடை பூட்டுகிற நேரம் கடந்துபோயிற்று. கதை இன்னும் அலுவிகாரைச் சந்திக்கே வந்து சேரவில்லை. அதற்கு அப்பால், யாழ்ப்பாணம் வரைக்கும் அவருக்கு ரோடு கிடந்தது.